நடுங்கும் நிலம் – 14: கல்வெட்டில் ஏறாத நடுக்கங்கள்

இந்தியாவின் நிலநடுக்க வரலாற்றை எழுத உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது ஆவணப் பஞ்சத்தில்தான். சென்ற பகுதியில் பார்த்த அலிப்பூர் நிலநடுக்கமானி 1898-இல்தான் வேலையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய நடுக்கங்களைத் தாமஸ் ஓல்டாம் தொகுத்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு மகன் ஆர். டி. ஓல்டாம் 1883-இல் அதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தார். 1869 வரை நடந்தவற்றைச் சொல்லும் அந்தப் பட்டியலில், நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போகப் போகப் பதிவுகள் அருகிவிடுகின்றன. அந்தக் காலத்தில் பூமி சாதுவாக இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அரசர் இறந்தால் எழுதினார்கள், கோட்டை சரிந்தால் எழுதினார்கள். ஆளில்லாத மலையடிவாரத்தில் நிலம் கிழிந்ததை எழுதி வைக்க எவரும் இல்லை. எழுதியவற்றிலும் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவை மட்டுமே நம் கைக்கு வந்தன. பாறை உடைந்து, உடைப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தைப் பிளவு என்கிறோம். அந்தப் பிளவு ஒரு முறை பெரிதாக அசைந்தபின் மறுபடி அசைய 500 ஆண்டும் ஆகலாம், 1,000 ஆண்டும் ஆகலாம், அதைவிடப் பல மடங்கும் ஆகலாம். 200 ஆண்டு ஆவணத்தை வைத்துக்கொண்டு அதன் குணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆகவே "இங்கே பூகம்பம் வந்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால், வந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. எழுத்து எட்டாத காலத்துக்கு நிலத்தின் வடிவமே ஆவணம் என்பதும், அதைப் படிக்காமல் தீட்டப்படும் எந்த அபாய வரைபடமும் அரைகுறை என்பதும் இந்தப் பகுதியின் வாதம்.

இந்த வாதத்தின் முதல் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1819 ஜூன் 16 மாலை கட்ச் பகுதியை ஒரு பெரும் நடுக்கம் உலுக்கியது. இன்றைய கணிப்பில் அதன் அளவு 7.7-ஐ ஒட்டியது. பூஜ் நகரம் இடிந்தது. தொலைவில் அகமதாபாதில் ஜும்மா மசூதியின் மினாரங்கள் சரிந்தன. ஆனால் அறிவியல் வரலாற்றில் இடம்பிடித்த காட்சி நகரங்களில் நிகழவில்லை. உப்பும் சேறும் பரந்து கிடக்கும் ரண் சமவெளியில், சிந்து நதியின் பழைய கிழக்குக் கிளை ஓடிய இடத்தில் நிகழ்ந்தது. அங்கே சிந்திரி என்ற சிறு கோட்டை இருந்தது; கட்ச் அரசின் சுங்கச் சாவடி அது. நடுக்கத்தோடு அந்தச் சுற்றுவட்டாரமே தாழ, கடல்நீர் ஏறி வந்து கோட்டையைச் சூழ்ந்தது. எஞ்சி நின்ற கோபுரத்தில் ஏறிக்கொண்டவர்களை மறுநாள் படகில் மீட்டார்கள். கோட்டைக்கு வடக்கே, அதுவரை தட்டையாகக் கிடந்த சமவெளியில், கிழக்கு மேற்காக 80 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒரு மேடு எழுந்திருந்தது. சில இடங்களில் அதன் உயரம் 6 மீட்டரை எட்டியது. ஆற்றின் குறுக்கே மனிதர்கள் போட்ட அணைகளை அறிந்திருந்த அப்பகுதி மக்கள், இது கடவுள் போட்ட அணை என்ற பொருளில், இதை அல்லா பந்த் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே இன்றைய வரைபடங்களிலும் இருக்கிறது.

1827-லும் 1828-லும் அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே போய்ப் பார்த்தார். 1826-இல் வந்த வெள்ளம் மேட்டை அறுத்துக்கொண்டு சிந்திரி ஏரிக்குள் பாய்ந்திருந்தது. அறுபட்ட கரையில் மேட்டின் உள்பக்கம் திறந்து கிடந்தது. பர்ன்ஸின் குறிப்புகளைச் சார்லஸ் லையெல் தம் புவியியல் நூலின் பிற்பதிப்புகளில் எடுத்தாண்டார். நிலநடுக்கம் ஒரே நொடியில் நிலத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது என்பதற்கு ஐரோப்பா படித்த முதல்தரச் சான்றாக அல்லா பந்த் ஆனது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவர்ட் சூஸ், நிலம் உயர்ந்தது என்பதையே சந்தேகித்தார். சேற்று நிலம் ஒரு பக்கம் அமிழ்ந்ததால் மறுபக்கம் உயர்ந்ததுபோலத் தெரிந்திருக்கலாம் என்பது அந்தத் தரப்பின் எண்ணம். அதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் ஈரச் சமவெளியில் மண் அமிழ்வது சகஜம். ஆனால் 1840-களில் பேக்கர் என்ற பொறியாளர் மேட்டின் குறுக்கே மட்டம் பிடித்து அளந்து வைத்திருந்தார். பழைய குறிப்புகளையும் அளவுகளையும் திரட்டி 1926-இல் ஆர். டி. ஓல்டாம் எழுதிய அறிக்கை, நிலம் உண்மையிலேயே உயர்ந்தது என்று நிலைநாட்டியது. மேட்டின் வடபக்கம் மெல்லச் சரிந்து போக, தென்பக்கம் மட்டும் வெடுக்கென்று விழுகிறது. மண் வெறுமனே அமிழ்ந்திருந்தால் இத்தனை நீளத்துக்கு இப்படி ஒரே சீரான வடிவம் வராது. அடியில் வடக்கு நோக்கிச் சாய்ந்த ஒரு பிளவில் வடபாதி மேலேறினால்தான் வரும்.

மேடு எழுந்தது சரி. நடுக்கம் வந்ததால் நிலம் பிளந்ததா, நிலம் பிளந்ததால் நடுக்கம் வந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க இந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. பூமிக்கடியில் ஆவி வெடிக்கிறது, குகை இடிகிறது, எரிமலைக் குழம்பு புரள்கிறது என்று பலரும் நம்பிய காலத்தில், மேலே தெரியும் பிளவு வெறும் சேதங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. 1888-இல் நியூசிலாந்தில் வடக்கு கேன்டர்பரி நடுக்கத்துக்குப் பிறகு அலெக்சாண்டர் மெக்கே, பண்ணை வேலிகள் ஒரே கோட்டில் பக்கவாட்டாக வெட்டுண்டு 1.5 முதல் 2.6 மீட்டர் வரை விலகி நிற்பதைக் கண்டார். 1891-இல் ஜப்பானின் நோபி நடுக்கத்தில் மிதோரி என்ற ஊரில் 6 மீட்டர் உயரத்துக்கு நிலம் படியாக எழுந்தது. புன்ஜிரோ கோத்தோ அதை ஆராய்ந்து, பிளவு அசைந்ததே நடுக்கத்தின் காரணம் என்று துணிந்து எழுதினார். 1906 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்தின் முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு ஹென்றி ரீட் 1910-இல் வாதத்தை முடித்து வைத்தார்: பிளவின் இரு பக்கமும் நூற்றாண்டுக் கணக்கில் வளைந்து இறுகி, தாங்காத கட்டத்தில் நழுவி விடுபடுகின்றன, அந்த விடுபாடே நடுக்கம்.

இந்த வரிசையில் நம் பங்கு 1897 ஜூன் 12 அன்று வந்த ஷில்லாங் பெருநடுக்கம். ஓல்டாம் 1899-இல் வெளியிட்ட அறிக்கையில் செத்ராங் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிய பக்கங்கள், நிலத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இன்றும் பாடம். அங்கே பிளவு ஆற்றின் போக்கையொட்டியே ஓடி, திரும்பத் திரும்ப ஆற்றைக் குறுக்காக வெட்டுகிறது. அதிகபட்ச எழுச்சி 35 அடி. எழுந்த பக்கம் ஆற்றின் மேல்நோக்கில் இருந்த இடங்களில், தண்ணீர் புதுப்படியிலிருந்து விழுந்து அருவியாயிற்று. எழுந்த பக்கம் கீழ்நோக்கில் இருந்த இடங்களில், நீர் போக வழியின்றித் தேங்கிக் குளமாயிற்று. ஒரே ஆறு, ஒரே பிளவு. அருவியும் குளமும் மாறி மாறி வந்தன. நடுக்கத்தை நேரில் அனுபவித்த ஒருவர்கூட இல்லையென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த அருவிகளையும் குளங்களையும் ஒரு வரைபடத்தில் குறித்துக் கோடிழுத்தால் பிளவு எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கம் எழுந்தது, எவ்வளவு எழுந்தது என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

அப்படிக் கோடிழுக்கும் துணிவு, பெரிய நடுக்கமே காணாத ஓர் ஊரில் முதலில் பிறந்தது. அமெரிக்காவின் குரோவ் கார்ல் கில்பர்ட், உட்டா மாநிலத்தில் வாசாட்ச் மலையின் அடிவாரத்தை ஆராய்ந்தவர். மலையிலிருந்து வண்டல் விசிறியாக இறங்கும் சரிவுகளின் குறுக்கே, புதிதாக வெட்டியதுபோல் ஒரு படி ஓடுவதை அவர் கண்டார். 1872-இல் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் நடுக்கம் எழுப்பிய படியும் அதே வடிவம். ஒன்று நடுக்கத்தால் வந்தது என்று தெரியுமானால் மற்றதும் அவ்வாறே வந்திருக்க வேண்டும். 1883-இல் சால்ட் லேக் நகர நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை, மார்மன் குடியேறிகளின் முப்பத்தைந்து ஆண்டு நினைவில் பெரிய நடுக்கமே இல்லாத அந்த நகரத்தை எச்சரித்தது. அவருடைய தர்க்கத்தின் கூர்மை அடுத்த படியில் இருந்தது: படி புதிதாகத் தெரியாத இடம் பாதுகாப்பான இடமல்ல, அங்கே இறுக்கம் நெடுங்காலமாக விடுபடவில்லை, எனவே அங்கேதான் அடுத்தது வரக்கூடும். பின்னாளில் அந்த அடிவாரத்தைத் தோண்டிப் பார்த்தவர்கள், வாசாட்ச் பிளவின் நடுப்பகுதிகளில் கடந்த 6,000 ஆண்டுகளில் குறைந்தது 22 பெரிய நடுக்கங்கள் நிலத்தைக் கிழித்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எழுத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். நிலத்தில் படி விழ நடுக்கம்தான் வேண்டுமா? ஆறு கரையை அரித்தாலும் படி விழும். மழை கூடிக் குறையும் காலங்களில் ஆறு ஒரு சமயம் வண்டலை நிரப்பும், இன்னொரு சமயம் தான் நிரப்பியதையே வெட்டி இறங்கும். பழைய படுகை கரையோரத்தில் மேடையாக நின்றுவிடும். மண்சரிவும் படி உண்டாக்கும். கண்ட மேட்டையெல்லாம் பிளவு என்று குறித்தால் வரைபடம் பயமுறுத்தும் கோலமாகிவிடும். ஆகவே புவிவடிவ ஆய்வாளர் ஒற்றைச் சாட்சியை நம்புவதில்லை. ஆறு அமைத்த மேடை ஆற்றோடு நீள்கிறது; பிளவு எழுப்பிய படி ஆற்றைக் குறுக்கிட்டு, அடுத்த ஓடையையும் அதற்கடுத்ததையும் ஒரே நேர்கோட்டில் வெட்டிச் செல்கிறது. மழையால் வந்த மேடை பள்ளத்தாக்கு நெடுக ஒரே ஒழுங்கில் தாழ்ந்து போகும். பிளவால் வந்தது கோட்டைத் தாண்டியதும் சட்டென்று மறைந்துவிடும். பல வயதுள்ள மேடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது, மூத்த மேடை இளைய மேடையைவிட அதிகம் உயர்ந்திருந்தால் பிளவு ஒரு முறைக்கு மேல் அசைந்திருக்கிறது என்பது உறுதிப்படுகிறது. பக்கவாட்டில் நகரும் பிளவாக இருந்தால், கோட்டைக் கடக்கும் ஓடைகள் எல்லாம் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு போகும். ஓர் ஓடை வளைந்தால் தற்செயல். பத்து ஓடைகள் ஒரே கோட்டில் ஒரே பக்கம் வளைந்தால் அது பிளவு.

மேலே பார்த்து ஐயப்பட்டதைக் கீழே தோண்டித்தான் தீர்க்க வேண்டும். படியின் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு நீண்ட குழி வெட்டி, சுவரைச் சுரண்டி, கட்டம் கட்டி ஒவ்வோர் அடுக்கையும் வரைகிறார்கள். சரளை, மணல், களிமண் என்று அடுக்கடுக்காகத் தெரியும் சுவரில் பிளவு ஒரு கோடாக ஏறிவரும். அதன் இரு பக்கமும் ஒரே அடுக்கு வேறு வேறு உயரத்தில் நிற்கும். ஓர் இடத்தில் அந்தக் கோடு நின்றுவிடும், அதற்கு மேலுள்ள அடுக்கு அறுபடாமல் போர்த்திக் கிடக்கும். அறுபட்ட கடைசி அடுக்குக்குப் பின், அறுபடாத முதல் அடுக்குக்கு முன் நடுக்கம் வந்தது. இரண்டு அடுக்கிலும் கிடைக்கும் கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்தால் காலம் ஓர் எல்லைக்குள் வந்துவிடும். இதிலும் கோளாறு உண்டு. கரியின் வயது மரத்தின் வயதே தவிர அடுக்கின் வயதல்ல. பழைய கரி அடித்துவரப்பட்டுப் புதிய மண்ணில் படியலாம். அதனால்தான் பல துண்டுகளைச் சோதிக்கிறார்கள், பல இடங்களில் தோண்டுகிறார்கள், மணல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று சொல்லும் ஒளியுமிழ் முறையையும் துணைக்கு அழைக்கிறார்கள். கிடைப்பது ஒரு தேதியல்ல, ஒரு கால இடைவெளி. இடைவெளி அகலமாக இருப்பது குறைதான். ஒன்றுமே தெரியாதிருப்பதைவிட அந்தக் குறை எவ்வளவோ மேல்.

இந்த முறையின் முழு வலிமையும் இமய அடிவாரத்தில் தெரிந்தது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்வதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இமயத்துக்கு அடியில் போய்ச் சேர்கிறது. சுவரில் முட்டிய ஜமுக்காளம்போல் அடிவாரம் மடிந்து எழ, சமவெளியும் மலையும் சந்திக்கும் விளிம்பில் முன்முகப் பிளவு ஓடுகிறது. ஜப்பானியப் புவிவடிவ ஆய்வாளர் தகாஷி நகாதா 1970-களிலிருந்து இந்த விளிம்பில் இளம் படிகளைத் தேடிக் குறித்தவர். பின்னாளில் அவரும் ஜாவேத் மாலிக் போன்ற இந்திய ஆய்வாளர்களும் சண்டிகர், பிஞ்சோர் பக்கம் வண்டல் மேடைகளை வெட்டிச் செல்லும் பிளவுகளை வரைந்தார்கள். அதற்கு அவர்களுக்கு உதவியவற்றுள் ஒன்று அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் 1960-களில் எடுத்து, 1995-இல் ரகசிய நீக்கம் செய்யப்பட்ட படங்கள். நகரம் பரவுவதற்கு முந்தைய நிலத்தை அந்தப் படங்களில்தான் பார்க்க முடிந்தது. ஹரியானா எல்லையை ஒட்டிய ஹிமாச்சலத்தின் காலா அம்ப் என்ற இடத்தில் செந்தில் குமார், ஸ்டீவன் வெஸ்நௌஸ்கி, வி. சி. தாக்கூர் முதலானோர் குழி வெட்டி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 650 ஆண்டுகளுக்குள் இரண்டு பெரிய நடுக்கங்கள் அங்கே நிலத்தை வெட்டியிருப்பதைக் காட்டியது. ஒன்று கி.பி. 1294-க்குப் பிறகு, மற்றது 1423-க்குப் பிறகு. சண்டிகருக்கு இத்தனை அருகில் நடந்த இவற்றைப் பற்றி, 1905 காங்ராவையும் 1934 பீகாரையும் மட்டும் எண்ணி அமைதியடைந்திருந்த நம் நூல்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் 500 ஆண்டில் 10 மீட்டர். அத்தனை நகர்வும் சேர்ந்து ஒரே நாளில் விடுபட்டால் என்னவாகும் என்பதுதான் அபாயக் கணக்கின் உயிர்நாடி.

1934-இன் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் சிதைத்து 10,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்த நடுக்கத்தைப் புவியியல் ஆய்வுத் துறை விரிவாக ஆராய்ந்து 1939-இல் பெரிய அறிக்கை வெளியிட்டது. அறிக்கையின் கவனம் பீகார்ச் சமவெளியில் மண் குழம்பி வீடுகள் அமிழ்ந்த பட்டையின்மேல் குவிந்தது. பிளவு நிலப்பரப்பை வெட்டியதாகத் தடயம் கிடைக்கவில்லை. எனவே பிளவு ஆழத்திலேயே நின்றுவிட்டது என்பது பல பத்தாண்டுகளாக ஏற்கப்பட்ட முடிவாக இருந்தது. 79 ஆண்டுகள் கழித்து, சோம்நாத் சப்கோட்டாவின் குழு நேபாளத் தெற்கு அடிவாரத்தில் சிர் கோலா என்ற ஆற்றங்கரையில் அந்த முடிவைப் புரட்டிப் போட்டது. ஆறு வெட்டிய செங்குத்துக் கரையைச் சுத்தம் செய்து, எழுந்து நின்ற மேடைகளை அளந்து, குழி வெட்டி, கரியின் வயதைச் சோதித்து, 1934-இல் பிளவு மேலே வந்து நிலத்தை வெட்டியிருக்கிறது என்று 2013-இல் நிறுவினார்கள். அதற்குக் கீழே இன்னொரு வெட்டும் இருந்தது. நேபாள அரசர் அபய மல்லரைப் பலிகொண்ட 1255-ஆம் ஆண்டு நடுக்கத்தோடு அது பொருந்தியது. இரண்டுக்கும் இடையே 679 ஆண்டுகள். அறிவியல் நேரில் வந்து ஆராய்ந்த ஒரு நடுக்கத்தின் வடுவையே தேடாத இடத்தில் தவறவிட முடியுமென்றால், ஆய்வாளரே இல்லாத நூற்றாண்டுகளில் எத்தனை தவறியிருக்கும்?

இப்போது வலுவான மறுப்புக்கு வருவோம். 2001 ஜனவரி 26 காலை, அதே கட்சில், 13,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பூஜ் நடுக்கம் வந்தது. அளவு 1819-க்குச் சற்றும் குறையாதது. ஆய்வாளர்கள் ஓடிப்போய்த் தேடினார்கள். மணல் பீறிட்ட வாய்கள் இருந்தன, நிலம் பக்கவாட்டில் விரிந்த வெடிப்புகள் இருந்தன, அல்லா பந்த் போன்ற ஒரு சுவர் இல்லை. பிளவு ஆழத்தில் அசைந்து, மேற்பரப்பை எட்டாமலே நின்றுவிட்டது. 2015 நேபாள நடுக்கமும் அப்படியே அடிவாரத்தை எட்டவில்லை. பிளவு வரைவதில் முன்னணியில் நிற்கும் நியூசிலாந்திலேயே 2010-இல் சரளைக்கல் சமவெளிக்கு அடியில் யாரும் அறியாத ஒரு பிளவு அசைந்தது. அதன் தொடர்ச்சியாக 2011-இல் கிரைஸ்ட்சர்ச்சில் 185 பேர் இறந்தார்கள். நிலத்தில் எழுத்தே விடாத நடுக்கங்கள் இருக்கும்போது, நிலத்தைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம்.

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அது நிலைநாட்டுவது எதை என்று மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலம் சொல்லும் எண்ணிக்கை குறைந்தபட்ச எண்ணிக்கை என்பதை அது நிலைநாட்டுகிறது. குறித்த கோடு பொய் என்று நிலைநாட்டவில்லை. சிந்திரி அருகே குசலா ராஜேந்திரனும் சி. பி. ராஜேந்திரனும் தோண்டியபோது, சுமார் 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இன்னொரு பெரிய நடுக்கம் மணலைப் பீறிட வைத்த தடயம் கிடைத்தது. ஆக, பிளவு மேலே தெரியாத இடத்திலும் வண்டல் வேறொரு வகையில் பதிவு வைத்திருக்கிறது. கட்ச் மலைவரிசைகளின் செங்குத்தான வடமுகமும் மடிந்த பாறைகளும், அந்த நிலம் ஒரே பிளவால் ஆனதல்ல, பல பிளவுகள் சேர்ந்து இறுக்கும் வட்டாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தன. இந்திய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் கட்ச் 2001-க்கு முன்பே அதிக அபாயமுள்ள ஐந்தாம் மண்டலத்தில்தான் இருந்தது. அங்கே வரைபடம் பொய்க்கவில்லை. வரைபடத்தைப் படித்துக் கட்டாத கட்டடங்கள் விழுந்தன.

இரண்டாவது மறுப்பு தீபகற்பத்திலிருந்து வருகிறது. தமிழ் வாசகருக்கு அது நெருக்கமானது. தக்காணம் அசையாத பழம்பாறை என்ற நம்பிக்கை 1967-இல் கொய்னாவில் வந்த நடுக்கத்தில் அடிவாங்கியது. மண்டல வரைபடம் 1970-இல் திருத்தப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அன்று, திருத்திய வரைபடத்திலும் மிகக் குறைந்த அபாயம் என்று குறிக்கப்பட்டிருந்த லாத்தூரின் கில்லாரி வட்டாரத்தில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். எஞ்சிய படி ஒரு மீட்டரையும் எட்டாதது, சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவது. உழவும் மழையும் சேர்ந்தால் சில பத்தாண்டுகளில் கரைந்துபோகும் உயரம் அது. பிளவு மறுபடி அசையப் பல்லாயிரம் ஆண்டு எடுக்கும் நிலத்தில், வடு அழியும் வேகம் வடு விழும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. இமயத்தில் பலிக்கும் முறை இங்கே அதே அளவு பலிக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதிலிருந்து பெற வேண்டிய பாடம், படி தெரியாத இடத்துக்கும் ஓர் அடிப்படை அபாயத்தை ஏற்றுக் கட்ட வேண்டும் என்பதே. 2002-இல் முதல் மண்டலம் என்ற பிரிவே நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டதும், சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டதும் இந்தப் புரிதலின் விளைவுகள். வடு இருக்கும் இடத்தில் அதை நம்பு, இல்லாத இடத்தில் அதன் இன்மையை நம்பாதே: இரண்டும் ஒரே தர்க்கத்தின் இரு பாதிகள்.

மூன்றாவது மறுப்பு அன்றாடம் கேட்பது: எப்போது வரும் என்று சொல்ல முடியாத அறிவால் என்ன லாபம்? தேதி தெரிந்தால் ஒரு நாள் ஊரைக் காலி செய்யலாம். வீடும் பள்ளியும் அணையும் அதனால் நிற்கப் போவதில்லை. கட்டடம் 50 அல்லது 100 ஆண்டு நிற்கக் கட்டுவது. அந்தக் காலத்துக்குள் இந்த இடம் எவ்வளவு குலுங்கக்கூடும் என்பதே பொறியாளருக்குத் தேவையான கேள்வி. பிளவின் நீளம், ஒருமுறை நழுவும் தூரம், இரு நடுக்கங்களுக்கு இடையிலான காலம் ஆகிய மூன்றும் நிலத்திலிருந்து கிடைப்பவை. அந்தக் கணக்கைத் தொடங்கி வைப்பவையும் அவையே. இதைச் சட்டமாக்க முடியும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1971 சான் பெர்னாண்டோ நடுக்கத்துக்குப் பிறகு, கலிபோர்னியா 1972-இல் கொண்டுவந்த அல்க்விஸ்ட்–பிரியோலோ சட்டம், அண்மைய சுமார் 11,000 ஆண்டுக்குள் அசைந்த பிளவுகளை வரைபடத்தில் குறித்து, அவற்றின்மேல் மக்கள் குடியிருக்கும் கட்டடம் எழுப்பத் தடை விதித்தது. பிளவிலிருந்து பொதுவாக 50 அடி விலகிக் கட்ட வேண்டும். அந்த மண்டலத்தில் மனை விற்பவர் வாங்குபவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். கோடு தெளிவாக வரையப்பட்டிருந்தால்தான் இப்படிச் சட்டம் போட முடியும்.

நம் மண்டல வரைபடம் மாவட்டம் மாவட்டமாக ஒரே வண்ணம் பூசுகிறது. குலுக்கத்தைத் தாங்கும் கம்பி, கான்கிரீட் கணக்குக்கு அது ஓரளவு போதும். ஒரு மருத்துவமனையின் மனைக்கு அடியில் பிளவு ஓடுகிறதா என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் வரைபடம் பிளவைக் கோடாகக் காட்ட வேண்டும். கடைசியாக எப்போது அசைந்தது என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். காடு மூடிய அடிவாரத்தில் மரங்களை விலக்கி மண்ணின் வடிவத்தை மட்டும் காட்டும் லைடார் அளவை இன்று இருப்பதால், நகாதா நடந்து நடந்து தேடியதை ஒரு பருவத்தில் அளந்துவிட முடியும். காலமோ நம் பக்கம் இல்லை. இமய அடிவாரத்தில் படிகளைத் தேடும் அதே விளிம்பில்தான் சாலையும் தொழிற்சாலையும் மனைப்பிரிவும் வருகின்றன. புல்டோசர் ஒரு மேட்டை நிரவிவிட்டால், 600 ஆண்டு மழை அழிக்காத சாட்சியம் ஒரே வாரத்தில் போய்விடும். ஏட்டுச்சுவடி அழிந்தாலும் ஏதோ ஓரிடத்தில் படி எடுத்தவர் இருக்கலாம். நிலத்துக்கு நகல் கிடையாது. மத்திய, மாநில அரசுகள் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் முன்பே அடிவார மாவட்டங்களில் பிளவு வரைவை முடித்து, மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதுவரை, அங்கே மனை வாங்குகிற ஒவ்வொருவரும் பட்டா, வில்லங்கச் சான்றோடு பிளவு எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

(தொடரும்)